பத்மினி கதவு பேட்: உடையாமல் கழற்ற முடியுமா?

18 ஜனவரி 2024, காரிமங்கலம் வாசகர் கேட்டது

அப்பா வைத்திருந்த 1986 மாடல் பிரீமியர் பத்மினி. டிரைவர் பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷினைப் பார்க்க வேண்டுமானால் கதவின் உள்பக்க பேடைக் கழற்றியாக வேண்டும். தர்மபுரியில் ஒரு குஷன் கடையில் கேட்டால், "பழைய அட்டை தம்பி, உடைஞ்சா நான் பொறுப்பில்ல" என்கிறார். வீடியோவில் ஒருவர் பெரிய ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பி இரண்டே நிமிடத்தில் எடுக்கிறார். வீட்டிலேயே செய்யலாமா? ஒரிஜினல் ரெக்ஸின், கிழியக் கூடாது.

18 ஜனவரி, இரவு, என் பதில்

செய்யலாம். அந்த வீடியோவை மறந்துவிடுங்கள். அவர் கழற்றுவது புது அட்டை போட்ட வண்டி. உங்களுடையது 38 வருட அட்டை.

பேடுக்குள் இருப்பது ஹார்ட்போர்டு. மரநாரை அழுத்திச் செய்த பலகை. அதன்மேல் மெல்லிய பஞ்சு, அதன்மேல் ரெக்ஸின். பின்பக்க ஓரத்தில் சுற்றிலும் எஃகுக் கம்பி கிளிப்புகள் இருக்கும். கிளிப்பின் ஒரு முனை அட்டைத் துளையில் மாட்டியிருக்கும், மறுமுனை கதவுத் தகட்டின் ஓட்டைக்குள் அழுந்தி உட்கார்ந்திருக்கும். நல்ல அட்டையாக இருந்தால் இழுக்கும்போது கிளிப்பும் சேர்ந்து வெளியே வரும். நைந்த அட்டை என்றால் கிளிப் தகட்டிலேயே நின்றுகொள்ளும், அட்டை மட்டும் பிய்ந்து கையோடு வரும். கடைக்காரர் பயப்படுவது இதற்குத்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அதனால் பேடை இழுக்க வேண்டாம். ஒவ்வொரு கிளிப்பையும் தேடிப்போய், அதன் பக்கத்திலேயே நெம்புங்கள். இரண்டு கிளிப்புக்கு நடுவில் நெம்பினால் அட்டை வளையும், வளைந்த இடத்தில் ரெக்ஸினில் கோடு விழும். அந்தக் கோடு அப்புறம் போகாது.

நெம்ப என்ன எடுப்பது? பெயிண்ட் கடையில் விற்கும் அகலமான பட்டி பிளேடு. அதன் முனையையும் இரண்டு மூலைகளையும் அரத்தால் மழுக்கிவிடுங்கள். கதவு பெயிண்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் பெட்டியிலேயே இருக்கட்டும்.

19 ஜனவரி

பேடுக்குப் போகும் முன் ஹேண்டில்கள். நேற்று இதைத் தாண்டிப் போய்விட்டேன், ஆனால் பாதி பேட் கிழிவது இங்கேதான். ஹேண்டில் மாட்டியிருப்பதை மறந்து பேடை இழுப்பவர்கள் உண்டு. நம்ப மாட்டீர்கள், நிறையப் பேர்.

யாரும் மாற்றாத பழைய ஹேண்டில் என்றால் பின் வகையாக, அதாவது குறுக்கே ஒரு சின்னக் கம்பி செருகியதாக இருக்கும். கண்ணாடி ஏற்றும் ஹேண்டிலுக்கும் பேடுக்கும் நடுவில் ஒரு வட்டத் தட்டு தெரிகிறதா? அதற்குப் பின்னால் ஸ்பிரிங். இரண்டு விரலால் தட்டைக் கதவுப் பக்கம் அழுத்துங்கள். ஹேண்டிலின் கழுத்து வெளியே தெரியும், அதில் குறுக்காக ஒரு சின்ன பின் இருக்கும். பின்னைவிட மெல்லிய ஆணியால் தள்ளினால் மறுபக்கம் வரும். தட்டை அழுத்திக்கொண்டே பின்னையும் தள்ள இரண்டு கை போதாது, வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கீழே ஒரு துணி விரித்து வையுங்கள். அந்த பின் தரையில் விழுந்தால் அவ்வளவுதான், கல்லுத் தரையில் நாள் முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

பின் துருப்பிடித்து நின்றால் சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள். அடி நேராக மெஷினின் பல் சக்கரத்துக்குப் போகும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விடுங்கள்.

கழற்றும் முன் போட்டோ. ஹேண்டில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும், இல்லையென்றால் திரும்ப மாட்டியபின் முழங்காலில் இடிக்கும்.

உங்கள் கண்ணாடி பாதியில் நிற்பதால் இன்னொன்று. பொதுவாகக் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட்டுத்தான் பேடில் கை வைப்போம். உங்களுக்கு அது முடியாது. கண்ணாடிக்கும் கதவு விளிம்புக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மர ஆப்பு வைத்து, மேலே டேப்பும் போட்டுக் கட்டிவிடுங்கள். உள்ளே கை இருக்கும்போது கண்ணாடி நழுவி இறங்கக் கூடாது.

20 ஜனவரி

ஓசூர் நண்பர் சொல்வது சரி. எல்லாப் பழைய காரிலும் பின் இருக்காது. அவருடைய மாருதி 800-ல் ஹேண்டிலுக்குப் பின்னால் குதிரை லாட வடிவத்தில் ஒரு கம்பி கிளிப். அதற்கு வேட்டித் துணி போதும். ஒரு கீற்றுத் துணியை ஹேண்டிலுக்கும் தட்டுக்கும் இடையில் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து இடம் வலமாகத் தேய்த்து இழுத்தால் கிளிப்பின் நுனி துணியில் மாட்டும், டப்பென்று தெறித்து வரும். முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அவர் கேட்ட இன்னொன்று: பத்மினியில் மாருதி ஹேண்டில் மாட்டியிருந்தால்? மாட்டியிருப்பார்கள், நம்ம ஊர் பட்டறைகள் எதையும் எதிலும் மாட்டும். காருக்கு வெளியே எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், டார்ச் அடித்து ஹேண்டில் கழுத்தைப் பாருங்கள். குறுக்கே பின்னா, பின்னால் கிளிப்பா, நடுவில் மூடிக்குக் கீழே ஸ்க்ரூவா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கை வைக்கும் ஆர்ம்ரெஸ்டுக்கு ஸ்க்ரூ கீழ்ப்பக்கம் இருக்கும். கதவைத் திறந்து கீழே குனிந்து பாருங்கள்.

21 ஜனவரி

முக்கியமான ஒன்று விட்டுப்போனது. காலையில் செய்யாதீர்கள்.

ரெக்ஸின் என்பது துணிமேல் பூசிய பிவிசி. அதை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வருடக்கணக்கில் வெயிலில் வெளியேறிவிடும். மிஞ்சுவது விறைத்த தோல். குளிரில் அது மடங்காது, வெடிக்கும். தர்மபுரியில் மதியத்துக்குள் தானாகச் சூடாகிவிடும். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி காலையில் அங்கே பழைய ரெக்ஸினைத் தொடவே கூடாது. கதவைத் திறந்து வெயில் பக்கம் வைத்து, தொட்டால் இளகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பென்னாகரம் சார் ஹேர் டிரையர் போதுமா என்கிறார். போதும். பெயிண்ட் உரிக்கும் ஹீட் கன் வேண்டாம், ரெக்ஸின் சுருங்கும், உள்ளே பசையும் இளகி விளிம்பு உரிந்துவிடும்.

28 ஜனவரி

காரிமங்கலம் தம்பி கழற்றிவிட்டார். போட்டோ பார்த்தேன். மேல் பாதி புதுசு மாதிரி. கீழ் விளிம்பு டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பி, கிளிப் துளை மூன்று பிய்ந்திருக்கிறது. "நான் மெதுவாகத்தான் எடுத்தேன் அண்ணே" என்று வருத்தமாக எழுதியிருக்கிறார். தம்பி, அது உங்கள் கையால் பிய்ந்தது இல்லை. பிய்ந்த இடத்தின் ஓரம் கறுத்திருக்கிறது பாருங்கள். பல மழைக்காலமாகத் தண்ணீர் குடித்து, எப்போதோ பிய்ந்துவிட்டது. ரெக்ஸின்தான் இத்தனை நாள் அதை மூடிக்கொண்டிருந்தது.

ஸ்பீக்கர் வயரைப் பார்த்து நிறுத்தினாரே, அது நல்ல வேலை. தொண்ணூறுகளில் கேசட் பிளேயர் மாட்டியவர்கள் பேடில் வட்டமாக வெட்டி ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள். பேடைக் கொஞ்சம் விலக்கியதும் உள்ளே கை விட்டு வயரைக் கழற்றியபின்தான் முழுக்க எடுக்க வேண்டும்.

கதவுக்குள் ஒரு 25 பைசா கிடந்ததாம். 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாத காசு. கதவை மூடும்போதெல்லாம் "லாக் ஆடுது" என்று பட்டறையில் காட்டிய சத்தம் அதுதானாம். லாக்கை எத்தனை தடவை மாற்றினீர்கள் என்று கேட்க மாட்டேன்.

கண்ணாடி விஷயம் சின்னது. கண்ணாடியின் கீழ் விளிம்பு ஒரு தகட்டுப் பட்டியில் ரப்பர் வைத்து உட்கார்ந்திருக்கும். ரப்பர் நைந்து, கண்ணாடி பட்டியைவிட்டு ஒரு பக்கம் கிளம்பிக் கோணலாக நிற்கிறது. மெஷின் நன்றாகவே இருக்கிறது. புது ரப்பர் பட்டை வைத்து, கண்ணாடியைப் பழைய இடத்திலேயே அழுத்தி உட்காரவையுங்கள். மெஷினுக்கு கிரீஸ். கண்ணாடி சறுக்கும் பக்கவாட்டு வெல்வெட் ரன்னருக்கு கிரீஸோ எண்ணெயோ வேண்டாம், தூசி ஒட்டிக்கொள்ளும், சிலிகான் ஸ்பிரே மட்டும். கையுறை போடுங்கள், உள்தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும்.

4 பிப்ரவரி

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்த இழையில் எல்லோரும் கழற்றுவதைப் பற்றியே கேட்கிறீர்கள். பேடைக் கெடுப்பது தண்ணீர். அதைச் சரிசெய்யாமல் புது அட்டை போட்டால் இரண்டு மழைக்காலத்தில் இதே இடத்துக்கு வருவோம்.

கார் கதவு தண்ணீர் புகாத பெட்டி இல்லை. அப்படி இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணாடிமேல் வழியும் மழை, வெளிப்பக்க ரப்பர் பீடிங் தாண்டிக் கொஞ்சம் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். உள்ளே போன தண்ணீர் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாகக் கீழே போய்விடும். வடிவமைத்தவர்கள் கணக்குப் போட்டது அப்படித்தான். கணக்கு இரண்டு இடத்தில் தப்புகிறது.

ஒன்று, வடிகால் ஓட்டை அடைபடுவது. தொப்பூர் கணவாய்ப் பக்கம் லாரிக்குப் பின்னால் ஓட்டிய வண்டியா, செம்மண் சாலை வண்டியா, உள்ளே மண் சேர்ந்து கல்லாகியிருக்கும். அதைவிடக் கொடுமை, டிங்கர் வேலை பார்த்தவர் பட்டியோ அண்டர்கோட்டிங்கோ அடிக்கும்போது ஓட்டையையும் சேர்த்து மூடியிருப்பார். தம்பி வண்டியில் இரண்டுமே. கம்பியை விட்டுக் குத்துங்கள், அப்புறம் கண்ணாடிமேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிய தண்ணீர் அடியில் ஒழுக வேண்டும்.

போர் தண்ணீரில் கார் கழுவுபவர்களுக்கு வெள்ளை உப்பும் சேர்ந்து அடைக்கும். நம்ம மாவட்டத் தண்ணீரில் புளோரைடு பல்லைப் பார்த்துக்கொள்ளும், உப்பு காரைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, தடுப்புக் காகிதம். கம்பெனியில் இருந்து வரும்போது பேடுக்கும் தகட்டுக்கும் நடுவில் தார் பூசிய காகிதமோ பிளாஸ்டிக் தாளோ ஒட்டியிருக்கும். முதல் தடவை பேடைக் கழற்றிய மெக்கானிக் அதைக் கிழித்து எறிந்திருப்பார், "இது எதுக்குச் சார்" என்று. அதுதான் அட்டையைக் காப்பது. கனமான பாலிதீன் வாங்குங்கள், அல்லது மூட்டைக்குள் வரும் பிளாஸ்டிக் பையைக் கழுவிக் காயவைத்து வெட்டுங்கள். சுற்றிலும் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) போட்டு ஒட்டுங்கள்.

5 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒரு சேர்க்கை, இல்லையென்றால் எல்லாம் வீண். தாளின் கீழ் விளிம்பைத் தகட்டின் வெளியே, பேட் இருக்கும் பக்கம் ஒட்டக் கூடாது. கதவின் உள்தகட்டில் கீழே நீளமான திறப்பு இருக்கும், அதற்குள் தாளின் வாலைச் சொருகிவிட வேண்டும். தாளில் வழியும் தண்ணீர் திரும்பக் கதவுக்குள்ளேயே விழுந்து வடிகாலுக்குப் போகும். வெளியே ஒட்டினால் அதே தண்ணீர் நேராக அட்டைக்குள் இறங்கும். தாள் இருந்தும் பேட் ஊறுகிறதே என்று கேட்ட கிருஷ்ணகிரி நண்பருக்கு அனேகமாக இதுதான் பதில்.

18 பிப்ரவரி

அட்டை. பிய்ந்த துளை ஒன்றிரண்டு என்றால் பழைய அட்டையையே காப்பாற்றலாம். பின்பக்கம் மெல்லிய பிளைவுட் துண்டை ஃபெவிகால் வைத்து ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டு, புதுத் துளை போடுங்கள். ஒட்டும் துண்டு கதவுத் தகட்டில் இடிக்காத இடமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பேட் தூக்கிக்கொண்டு நிற்கும்.

தம்பிக்குக் கீழ் விளிம்பு முழுக்கப் போய்விட்டதால் புது ஹார்ட்போர்டு. 3 மில்லிமீட்டர் கிடைத்தால் போதும், தடிமன் கூடினால் கிளிப் எட்டாது. ரெக்ஸினை அட்டையிலிருந்து உரிக்கும்போது பின்பக்க மடிப்பில் உள்ள ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாக எடுங்கள், மடிப்பைச் சூடுகாட்டி மெல்ல விடுவியுங்கள். பழைய அட்டையைப் புதியதன் மேல் வைத்துப் பென்சிலால் வரையுங்கள். கரைந்துபோன மூலையை எதிர்ப்பக்கக் கதவு பேடைக் கவிழ்த்துப் போட்டு வரைந்துகொள்ளலாம், இடம் வலம் இரண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரிதான் இருக்கும். ஆனால் துளைகளை மட்டும் கதவிலேயே வைத்துச் சரிபாருங்கள்.

வெட்டி முடித்ததும் கதவில் மாட்டிப் பாருங்கள், ரெக்ஸின் ஒட்டும் முன். எல்லாக் கிளிப்பும் அதனதன் ஓட்டையில் விழுகிறதா? அப்புறம் வார்னிஷோ எனாமலோ இரண்டு பக்கமும் அடியுங்கள். விளிம்பில் இன்னும் இரண்டு கோட்டிங். ஹார்ட்போர்டு தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் வெட்டு விளிம்பு வழியாகத்தான்.

ரெக்ஸினுக்கு ஃபெவிகால் எஸ்.ஆர். (ரப்பர் வகைப் பசை). இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்தபின் சேர்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்துவிட்டு "ஒட்டலையே" என்று கேட்க வேண்டாம்.

10 மார்ச்

இழை வேறு பக்கம் போய்விட்டது. வைர வடிவத் தையல் போட்ட புது ரெக்ஸினா, வெடிப்பு விழுந்த பழைய ரெக்ஸினா என்று சண்டை. ஓசூர் நண்பர் சொகுசுக் கார் மாதிரி தைக்கச் சொல்லியிருக்கிறார். அவருடைய பணம், அவருடைய கார். எனக்குப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது, அவ்வளவுதான்.

என் யோசனை இப்படி. பத்மினி என்ற பெயர் 1974-ல் வந்தது, தொடக்கத்தில் இதே வண்டி ஃபியட் 1100 டிலைட். இன்றும் நம்ம ஊரில் பெரியவர்கள் ஃபியட் என்றுதான் சொல்வார்கள். மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகளே 2023 அக்டோபரில் முடிந்துபோயின. இனி ஒரிஜினல் பேட் கிடைக்கும் வண்டிகள் குறையத்தான் செய்யும். புது ரெக்ஸின் போட்டாலும், வெடிப்பு விழுந்த ஒரிஜினலை எறியாமல் சுருட்டி வையுங்கள், மடிக்காதீர்கள். நாளைக்கு யாராவது அதே வரி, அதே தையல் போட வேண்டுமென்றால் மாதிரிக்கு அதுதான் இருக்கும்.

ஸ்பீக்கர் ஓட்டை? முதலில் அடைக்கச் சொல்ல நினைத்தேன். அப்புறம் தம்பி எழுதியதைப் படித்தேன், அப்பா ஆசையாக வெட்டி வைத்ததாம். புது அட்டையில் ஓட்டை வெட்டாமல், பழைய ரெக்ஸினில் அந்த வட்டத்தின்மேல் பழைய ஸ்பீக்கர் ஜாலியை (வலை மூடியை) மட்டும் ஸ்க்ரூ போட்டு மாட்டிவிடலாம். தண்ணீரும் வராது, ஆசையும் இருக்கும். பாட்டுதான் வராது.

11 மார்ச்

கிளிப் எங்கே கிடைக்கும் என்று மறுபடியும் கேட்கிறார்கள். பெங்களூரு ஜே.சி. ரோடு, சென்னை புதுப்பேட்டை. கிருஷ்ணகிரியில் இருந்து ஜே.சி. ரோடு பக்கம். பழைய கிளிப் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள், வாயால் சொன்னால் வேறு எதையோ கொடுப்பார்கள். தேவைக்கு மேல் ஒரு கைப்பிடி வாங்கிக்கொள்ளுங்கள். துருப்பிடித்த கிளிப்பைத் திரும்பப் போட வேண்டாம், அது ஓட்டையிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த தடவை அட்டையைப் பிய்க்கும்.

12 மே

நேற்றுக் கோடை மழை. தம்பியிடமிருந்து செய்தி: கதவு அடியில் தண்ணீர் சொட்டுகிறது, பேட் காய்ந்து இருக்கிறது. சொட்டுவதைப் பார்த்து அவர் வீட்டில் "கதவு ஒழுகுதே, வேலை சரியில்லையா" என்று கேட்டார்களாம். ஒழுகுவதற்குத்தானே அவ்வளவு வேலை.

திரும்ப மாட்டும்போது என்ன செய்தார் என்று பாலக்கோடு நண்பர் கேட்டார். மேல் விளிம்பை முதலில் அதன் இடத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு கிளிப்பின் கூரும் ஓட்டைக்கு நேராக இருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்து, உள்ளங்கையால் தட்டியிருக்கிறார். ஒரு கிளிப் நேராக இல்லாமல் தட்டினால் அது அட்டையைப் பின்பக்கமிருந்து குத்தும், ரெக்ஸினில் கொப்பளம் மாதிரி புடைக்கும்.

2 ஜூன்

ரூஃப் லைனிங், அதாவது கூரையின் உள்பக்கத் துணி பற்றிக் கேட்டவருக்கு. கதவு பேட் வந்துவிட்டது என்ற தைரியத்தில் அதில் கை வைக்காதீர்கள். துணியின் மேல்பக்கம் குழாய் மாதிரி தைத்து, அதற்குள் வளைந்த கம்பிகள் கோத்து, அந்தக் கம்பிகள் கூரையின் இரண்டு ஓரத்தில் சொருகி நிற்கும். துணியின் விளிம்பு சுற்றிலும் பசைபோட்டு ஒட்டி, முன்னும் பின்னும் கண்ணாடி ரப்பருக்கு அடியில் போயிருக்கும். அதாவது லைனிங்கை முழுசாக எடுக்க வேண்டுமென்றால் முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் வெளியே வர வேண்டும். ரப்பர் விறைத்துப்போன வண்டியில் அது கண்ணாடி உடையும் வேலை.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான்: பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு உள்விளக்கு, சன் வைசர், நடுக் கண்ணாடி இவற்றை எடுத்து வையுங்கள், ஸ்க்ரூக்களைத் தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள். மிச்சத்தைக் கடையில் விடுங்கள். கம்பிகளை எடுக்கும்போது முன்னிருந்து பின்னாக 1, 2, 3 என்று டேப்பில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொன்றின் நீளமும் வளைவும் வேறு. கலந்துவிட்டால் புதுத் துணி எவ்வளவு இழுத்தாலும் சுருக்கம் போகாது.

கடைகளில் விலை விசாரித்தவர்கள் இங்கே போடுங்கள். கண்ணாடி கழற்றி மாட்டுவது சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் எழுதுங்கள். புது ரப்பர் யார் வாங்குவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.